கேமிங் கணினி கட்டுவோம் – 5: பிராசசரும் சின்ன எழுத்துகளும்

சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கொட்டேஷன் கேட்டாலும் தாளின் முதல் வரியில் பிராசசர்தான் வரும். அதன் கீழே போர்டு, ராம், எஸ்எஸ்டி என்று இறங்கிக்கொண்டே போய், மிச்சம் இருக்கும் காசுக்குக் கடைசியில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. கணக்கு எழுதவும் பில் போடவும் வாங்கும் கணினிக்கு அந்த வரிசை சரி. விளையாட வாங்கும் கணினிக்கு அது தலைகீழ். அதனால்தான் இந்தத் தொடரில் கார்டையும் மானிட்டரையும் முதலில் முடித்துவிட்டு இப்போது பிராசசருக்கு வருகிறோம். அந்த இரண்டும் முடிவாகாதவரை ‘எந்தப் பிராசசர் நல்லது’ என்ற கேள்விக்கு விடையே கிடையாது.

ஆட்டம் ஓடும்போது ஒவ்வொரு பிரேமுக்கும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. எதிரி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு எதில் பட்டது, கார் மோதினால் எந்தப் பக்கம் திரும்பும், இந்த நொடியில் திரையில் எவையெல்லாம் தெரிய வேண்டும் என்று கணக்குப் போட்டு உத்தரவு கொடுப்பது பிராசசர். அந்த உத்தரவை வாங்கி வரைவது கார்டு. நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுதாகப் பயன்படுத்த நினைத்தால் 7 மில்லி விநாடிகூடக் கிடையாது. இரண்டில் எது பின்தங்குகிறதோ அதன் வேகம்தான் ஆட்டத்தின் வேகம்.

ரெசல்யூஷனை ஏற்றினாலோ, நிழல்களை ‘அல்ட்ரா’வில் வைத்தாலோ, சுமை பெரும்பாலும் கார்டின் தலையில்தான் விழும். பிராசசரின் கணக்கு அதிகம் மாறாது. ஆகவே ஒரு சுமாரான கார்டோடு ‘சைபர்பங்க் 2077’ விளையாடுபவருக்கு விலையுயர்ந்த பிராசசர் வெறுமனே காத்துக் கிடக்கும். ‘வேலரன்ட்’, ‘கவுண்டர் ஸ்ட்ரைக் 2’ விளையாடுபவர் கதை வேறு. படத்தின் அழகைக் குறைத்து வைத்துக்கொண்டு 200 பிரேமுக்கு மேல் எதிர்பார்ப்பவர் அவர். அவருக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் பிராசசர்தான். வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி இருந்தால் இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். ஆட்டத்தின் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். பிரேம் எண்ணிக்கை எகிறினால் இதுவரை திணறியது கார்டு. அசையாமல் நின்றால் பிராசசர். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே பிராசசரை மாற்றுபவர்கள்தான் அதிகம்.

சரி, எத்தனை கோர்? இதில் பழைய கதை ஒன்று உதவும். 2014-இல் பென்டியம் என்ற பெயரின் இருபதாம் ஆண்டுக்காக இன்டெல் ‘பென்டியம் ஜி3258’ என்ற சில்லை வெளியிட்டது. விலை 72 டாலர். இரண்டே கோர், ஆனால் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம். 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டி, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள சில்லுகளோடு போட்டி போட வைத்தார்கள். சிக்கன கேமர்களின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ‘ஃபார் க்ரை 4’ வந்தது. இரண்டே கோர் உள்ள கணினிகளில் அது கறுப்புத் திரையோடு அப்படியே நின்றது. பிறகு குறுக்கு வழிகள் கண்டுபிடித்தார்கள், அது வேறு விஷயம்.

2017-இல் இதே நாடகம் இன்னொரு முறை நடந்தது. ஜனவரியில் வந்த இன்டெல் ஐ5-7600கே, நான்கு கோர், நான்கு த்ரெட், அதாவது ஒரே சமயத்தில் நான்கு வேலைச் சரடுகள். ஏப்ரலில் அதைவிடக் குறைந்த விலையில், 219 டாலருக்கு, ஏஎம்டி ரைசன் 5 1600-ஐ இறக்கியது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். அன்றைய ஆட்டங்கள் பலவற்றில் ஐ5 முந்தியது என்பதும் உண்மைதான். ஆனால் சில ஆண்டுகளில், சராசரி பிரேம் நன்றாகவே இருந்தும் கூட்டமான காட்சிகளில் நான்கு த்ரெட் சில்லுகள் திக்கத் தொடங்கின. கையில் மவுஸ் பிடித்தவருக்குத் தெரிவது அந்தத் திக்கல்தான், சராசரி இல்லை. ஆகவே பரிசோதனை முடிவுகளைப் பார்க்கும்போது சராசரியை விட்டுவிட்டு ‘1 சதவீத லோ’ என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், மிக மெதுவான தருணங்களின் கணக்கு அது.

இதைச் சொன்னதும் எட்டு, பன்னிரண்டு கோர் என்று பறக்க வேண்டாம். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் இருப்பவை ஏஎம்டியின் ‘ஜென் 2’ ரகக் கோர்கள் எட்டு. பெரிய ஆட்டங்கள் அந்த அளவை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. அதைவிடப் புதிய ரகக் கோர்கள் ஆறு இருந்தால் அந்த வேலையைத் தாங்கும். என் கணக்கில் சிக்கனக் கணினிக்கு ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் போதும். கை மிகவும் கடித்தால் நான்கு கோர், எட்டு த்ரெட் வரை இறங்கலாம். அதற்குக் கீழே கூடாது. ஆறுக்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாயும் கார்டுக்குப் போக வேண்டிய ரூபாய்.

இனிமேல்தான் கடைக்காரர் சொல்லாத விஷயம். கோரும் கிகாஹெர்ட்ஸும் டப்பாவில் பெரிய எழுத்தில் இருக்கும். கேஷ் சின்ன எழுத்தில் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. ஆட்டங்களுக்கோ அதுதான் உயிர்நாடி. ராமிலிருந்து ஒரு தகவல் வந்து சேரும் நேரத்தில் பிராசசர் நூற்றுக்கணக்கான சுற்றுகளை வீணாகச் சுற்றியிருக்கும். அடுப்புப் பக்கத்தில் அஞ்சறைப்பெட்டி இல்லாமல் ஒவ்வொரு சிட்டிகை மஞ்சளுக்கும் மளிகைக் கடைக்கு ஓடுகிற சமையல் அது. சில்லுக்குள்ளேயே இருக்கும் கேஷ்தான் அந்த அஞ்சறைப்பெட்டி. ஆட்டமோ எந்தத் தகவலை அடுத்துக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஜாதி. விளையாடுபவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்குத் தெரியும்?

1998 ஏப்ரலில் இன்டெல் மலிவு விலை செலரானைக் கொண்டுவந்தபோது, செலவைக் குறைக்க இரண்டாம் அடுக்கு கேஷை முழுவதுமாக எடுத்துவிட்டது. 266 மெகாஹெர்ட்ஸ் என்று பெயர், வேகத்தில் ஊர் சிரித்தது. சில மாதங்களிலேயே திருத்திக்கொண்டது. ஆகஸ்டில் வந்த ‘செலரான் 300ஏ’-வில் 128 கேபி கேஷ், அதுவும் சில்லுக்குள்ளேயே, முழு வேகத்தில் ஓடுவது. அன்றைய பென்டியம் 2-இல் கேஷ் 512 கேபி, ஆனால் பாதி வேகம். 300ஏ-வின் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அது 450-இல் ஓடியது. 149 டாலர் செலரான், 669 டாலர் பென்டியம் 2-க்கு ஆட்டங்களில் தோள் கொடுத்தது. சிக்கன கேமிங் என்ற கலைக்கே அதுதான் தொடக்கம் என்பேன்.

இன்றைக்கும் அதே கதைதான். ரைசன் 5 5500, ரைசன் 5 5600 இரண்டும் 2022 ஏப்ரலில் வந்தவை. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். கடையில் இரண்டையும் அருகருகே வைத்தால் ‘ஒரு நம்பர்தானே வித்தியாசம்’ என்று தோன்றும். 5600-இல் எல்3 கேஷ் 32 எம்பி. 5500-இல் 16. ஆட்டங்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கேஷ் என்ன செய்யும் என்று இன்னும் சந்தேகம் இருந்தால் அதே மாதம் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யைப் பாருங்கள். தன் அண்ணன் 5800எக்ஸைவிட கிகாஹெர்ட்ஸில் குறைவு. 96 எம்பி கேஷை அடுக்கி வைத்ததால் ஆட்டங்களில் அண்ணனை மட்டுமில்லை, அன்றைக்கு அதைவிட விலை கூடிய பலவற்றையும் ஓரம்கட்டியது.

5500-க்கு இன்னொரு குறையும் உண்டு. அதுவும், உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட 5600ஜி-யும் லேப்டாப்புக்காகச் செய்த சில்லிலிருந்து பிறந்தவை. கார்டோடு பேசும் பாதை பிசிஐஇ 3.0 தான். அந்தப் பாதையில் பதினாறு லேன் (தடம்) உள்ள கார்டுக்கு அது பெரிய குறையில்லை. மலிவு கார்டுகளில்தான் லேனையும் வெட்டியிருப்பார்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் இருப்பது நான்கே லேன். அதை 3.0 பாதையில் செருகினால், ஏற்கெனவே மெலிந்த கார்டு இன்னும் மெலியும். பிராசசரில் மிச்சம் பிடித்ததைக் கார்டில் இழப்பது இப்படித்தான்.

5600ஜி-யை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கார்டு வாங்க இப்போது காசே இல்லை, அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பவருக்கு அது நல்ல வழி. உள்ளேயே இருக்கும் வேகா கிராபிக்ஸில் வேலரன்ட் தாராளமாக ஓடும். ஜிடிஏ 5-ஐக் குறைந்த செட்டிங்கில் விளையாடலாம். ராமை மட்டும் இரண்டு குச்சிகளாக வாங்குங்கள். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் அதே ராமைத்தான் பங்கு போடுகிறது, ஒற்றைக் குச்சியில் அதன் பாதி உயிர் போய்விடும்.

இன்டெல் பக்கம் வந்தால், ஐ3-12100எஃப். 2022 ஜனவரியில் வந்தது, நான்கு கோர், எட்டு த்ரெட், 12 எம்பி கேஷ். 60, 75 ஹெர்ட்ஸ் மானிட்டரும் ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டும் வைத்திருப்பவருக்கு இதைவிடச் சிக்கனமாக யோசிக்க முடியாது. இதற்குப் பிறகு 13100எஃப், 14100எஃப் என்று இரண்டு தலைமுறை வந்துவிட்டன. அதே நான்கு கோர், அதே 12 எம்பி. வேகம் மட்டும் துளி கூடுதல். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய் என்றால் புதியது, ஆயிரங்களில் என்றால் பழையதே. கொஞ்சம் நீட்ட முடிந்தால் ஐ5-12400எஃப், ஆறு கோர், 18 எம்பி. ‘கே’ என்று முடியும் சில்லுகள் வேகத்தை ஏற்றி விளையாடுபவர்களுக்கு. அதற்கேற்ற போர்டும் கூலரும் சேர்ந்தால் நம் பட்ஜெட் அங்கேயே காலி.

தலைமுறை என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. ‘ஐ7 தம்பி, பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல’ என்று ஒரு காம்போ விலைக்கு வரும். புத்தம்புது எச்61 போர்டு, பளபளக்கும் கேபினட், உள்ளே ஐ7-3770. பில்லில் ‘கோர் ஐ7’ என்று மட்டும் இருக்கும். அந்தச் சில்லு 2012-இல் வந்தது. அதில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது, அது இல்லாமல் தொடங்கவே மறுக்கும் புதிய ஆட்டங்கள் இருக்கின்றன. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பெயரில் ஐ7 இருந்தாலும் ஆட்டங்களில் 12100எஃப் இதைச் சுலபமாகத் தாண்டிப் போகும். பிராசசரின் முழு எண்ணையும் எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள்.

பிராசசர் தனியாக வருவதில்லை, ஒரு சாக்கெட்டையும் இழுத்துக்கொண்டு வருகிறது. 2017-இல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டு வாங்கியவர்களில் பலர், 2022-இல் பயாஸைப் புதுப்பித்து அதே போர்டில் 5800எக்ஸ்3டி-யைப் பொருத்திக்கொண்டார்கள். அதே 2017-இல் இன்டெல்லின் ஏழாம் தலைமுறை வாங்கியவருக்கு எட்டாம் தலைமுறைக்குப் போக வேறு போர்டு தேவைப்பட்டது, இத்தனைக்கும் சாக்கெட்டின் பெயர் மாறவில்லை. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு நீண்ட ஆயுள் உள்ள பாதை ஏஎம்5. அதில் ரைசன் 5 7500எஃப் அல்லது 7600. ஆனால் ஏஎம்5-க்கு டிடிஆர்5 ராம் கட்டாயம். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தக் கணக்கு புரண்டுவிட்டது. பழைய கணினியில் டிடிஆர்4 குச்சிகள் கிடந்தால் அவை இப்போது பணம். அவற்றைத் தூக்கி வந்து ஏஎம்4 போர்டிலோ டிடிஆர்4 ஏற்கும் இன்டெல் 1700 சாக்கெட் போர்டிலோ செருகிவிட்டு, மிச்சத்தைக் கார்டுக்குக் கொடுப்பேன் நான்.

செகண்ட் ஹேண்ட் பற்றி. கணினியில் பயமில்லாமல் பழையது வாங்கக்கூடிய பாகம் பிராசசர்தான், அது அவ்வளவு லேசில் கெடாது. ஏஎம்4 என்றால் திருப்பிப் பிடித்துப் பின்களைப் பாருங்கள். கூலரைக் கழற்றும்போது காய்ந்த பேஸ்ட்டோடு சில்லும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்து பின் வளைந்திருக்கலாம். இன்டெல்லில் பின்கள் போர்டின் பக்கம். விதிவிலக்கு ஒன்று உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகளில், குறிப்பாக ஐ7, ஐ9 ரகங்களில், அதிக மின்னழுத்தத்தால் சில்லே பழுதாகும் பிரச்சினை 2024-இல் வெளிப்பட்டது. மைக்ரோகோடு திருத்தம் வந்தது, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். ஏற்கெனவே அடிபட்ட சில்லை அந்தத் திருத்தம் குணமாக்காது. பில் இல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம்.

பட்டியலில் ‘ட்ரே’ என்று எழுதியிருந்தால் டப்பா இல்லை, பெரும்பாலும் கூலரும் இல்லை என்று அர்த்தம். வாரண்டி கம்பெனியுடையதா கடையுடையதா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். கூலருக்குத் தனியாகக் கொடுப்பதையும் சேர்த்தால் டப்பாவின் விலைக்கே வந்து நிற்கும். 65 வாட் சில்லுக்கு டப்பாவோடு வரும் கூலரே போதும், சத்தம் கொஞ்சம் போடும்.

வாங்கும் நாளில் ஒன்று. 5600-ஐப் பழைய ஸ்டாக் பி450 போர்டில் வைத்தால், பயாஸ் பழையதாக இருந்து டிஸ்பிளே வராமல் போகலாம். கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். 5600-இலும் ‘எஃப்’ என்று முடியும் சில்லுகளிலும் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ஆகவே கார்டு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அது இல்லாமல் கடையில் திரை எரிவதைப் பார்க்க முடியாது.

(அடுத்த வாரம்: மதர்போர்டு)