வெயிலும் மின்கணக்கும்

நுழையும்முன்
கோடை வெயிலைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது. ஆயினும், அவ்வெயிலால் பெருகும் மின்செலவைக் குறைத்துக்கொள்ள இயலும். அதற்குச் சிறிது அறிவியலும் சிறிது கணக்கும் போதும்.

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் அமைந்த மீனவச் சிற்றூர் எக்கியார்குப்பம். மரக்காணத்து உப்பளங்களில் உவர்நீரை உப்பாக்குவது கதிரவனின் வெப்பமே. உழைப்போர்க்குக் கூலி தரும் அதே வெயில்தான் அவர்தம் வீடுகளில் மின்விசிறியை இரவும் பகலும் சுழலவைக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பளப் பணி நின்றுவிடும், மின்கட்டணமோ நிற்பதில்லை. எனவே, இங்குச் சேமிக்கும் ஒவ்வோர் அலகும் ஒரு குடும்பத்தின் அடுப்புச் செலவுக்கு உதவும்.

அலகும் கட்டணமும்
ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணிநேரம் இயங்கினால் செலவாகும் மின்னாற்றல் ஓர் அலகு (யூனிட்) ஆகும். தமிழ்நாட்டில் வீட்டு மின்பயன்பாடு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 அலகுகளுக்குக் கட்டணம் இல்லை என்னும் சலுகை 2016 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதற்குமேல் பயன்பாடு உயர உயர ஓர் அலகின் விலையும் படிப்படியாக உயர்கிறது. ஆகவே, நாம் குறைக்கும் அலகுகள் விலைமிகுந்த மேற்படியிலிருந்தே குறைகின்றன.

மின்விசிறியின் கணக்கு
75 வாட் மின்விசிறி நாளொன்றுக்கு 12 மணிநேரம் சுழன்றால் 60 நாளில் 54 அலகுகள் செலவாகும். இத்தகைய விசிறிகள் இரண்டு இருந்தாலே இலவச அலகுகள் தீர்ந்துவிடும். ஏறத்தாழ 30 வாட்டில் இயங்கும் பி.எல்.டி.சி. விசிறிக்கு அதே காலத்தில் 22 அலகுகளே போதும். அதன் விலை கூடுதலெனினும், சேமிப்பு அதனை ஈடுசெய்துவிடும்.

கடற்கரைக்கு ஏற்ற வழிகள்
நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஏர்கூலர், வறண்ட உள்நாட்டு ஊர்களில் நன்கு பயன்படும். கடலோரக் காற்றிலோ ஈரப்பதம் முன்னரே மிகுந்திருப்பதால், நீர் எளிதில் ஆவியாவதில்லை; புழுக்கமே கூடும். வியர்வையை உலர்த்தும் காற்றோட்டமே இங்குத் தேவை. பகலில் நிலம் கடலைவிட விரைந்து சூடேறுவதால் கடலிலிருந்து காற்று வீசும். அவ்வேளையில் கிழக்குச் சாளரங்களைத் திறந்துவைத்தல் நன்று. மேற்குச் சுவரின் வெளிப்புறத்தில் ஓலைத்தட்டி கட்டினால் மாலைவெயில் தாக்காது. கான்கிரீட் கூரை பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் உமிழும். அதன்மீது வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி எதிரொளிக்கப்படும். குளிர்பதனப்பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காமல், வெப்பம் வெளியேற இடைவெளி விடவேண்டும்.

கூரையில் விளையும் மின்சாரம்
2024 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், ஒரு கிலோவாட் கூரைச் சூரியமின் அமைப்பிற்கு ஒன்றிய அரசு 30,000 ரூபாய் மானியம் வழங்குகிறது. அவ்வமைப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகுகள் தரும். கடற்கரையில் தகடுகள்மீது உப்பும் தூசியும் படியும். அவற்றை நன்னீரால் அவ்வப்போது கழுவுதல் இன்றியமையாதது.

தெரிந்து தெளிவோம்
2001 ஆம் ஆண்டின் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2002 இல் எரிசக்தித் திறன் செயலகம் அமைக்கப்பட்டது. மின்கருவிகளில் காணப்படும் விண்மீன் குறியீட்டை வழங்குவது இவ்வமைப்பே. ஒரே அளவும் வகையும் கொண்ட கருவிகளுள் விண்மீன்கள் மிகுந்தது குறைந்த மின்சாரத்தில் இயங்கும்.

உப்பு விளைவிப்போர் வெயிலோடு போரிடுவதில்லை. அதன் போக்கறிந்து பாத்தி கட்டிப் பயன்கொள்கின்றனர். வீட்டிலும் அவ்வறிவே வேண்டும். இன்று மாலை உங்கள் வீட்டு மின்அளவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளை அதே நேரத்தில் மீண்டும் குறியுங்கள். இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடே சிக்கனத்தின் முதற்பாடம்.