குளவிக்கு டிபன் கட்டும் மாமா!

மன்னார்குடிப் பக்கம் என் மாமா வீடு. போன குறுவையின்போது நாலு நாள் போயிருந்தேன். சும்மா சாப்பிட்டுத் தூங்குகிறோமே என்று மனசு உறுத்தியது. 'எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிற பிள்ளை' என்று பேர் வாங்கும் ஆசையில் அரிவாளோடு வயலுக்குப் போனேன். வரப்பில் மண்டிக் கிடந்த செடிகளை அறுக்க ஆரம்பித்தேன். நாலு செடிதான் சாய்ந்திருக்கும்...

"டேய் மாப்ளே! அருவாளைக் கீழே போடுடா!"

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"களை மாமா..."

"களையா? எள்ளுடா அது! குளவிக்கு டிபன்!"

பி.காம். படித்த எனக்குப் புரியவில்லை. வரப்பிலேயே உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

சில வருஷம் முன்பு அவர் வயலில் புகையான் விழுந்தது. நெல்லின் தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற பூச்சி. வயல் வட்ட வட்டமாகக் காய்ந்துபோனது. மாமா மூன்று தடவை மருந்து அடித்தார். பூச்சி இன்னும் அதிகமானது! அந்த வருஷம் அத்தையின் வளையல்கள் பேங்க்குக்குப் போயின.

காரணம்? புகையான் முட்டை இடுவது தண்டுக்குள்ளே. அங்கே மருந்து சரியாக எட்டாது. ஆனால், அதைத் தின்கிற சிலந்தியும் குளவியும் செத்துவிடும். முட்டை பொரிந்து வரும்போது கேட்க ஆளில்லை!

அனாக்ரஸ் என்று ஒரு குளவி. உடம்பு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நம்மைக் கொட்டாது. புகையானின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். அதன் புழு உள்ளே இருப்பதைத் தின்று வளர, புகையானுக்குப் பதில் குளவி வெளியே வரும். வளர்ந்த குளவிக்கோ பூந்தேன்தான் சாப்பாடு. நெல்லுப் பூவில் தேன் கிடையாது. பட்டினி கிடந்தால் சீக்கிரமே செத்துப்போகும். டீ வராத ஆபீஸில் பைல் நகருமா ஸார்? அதற்குத்தான் வரப்பில் எள்ளு!

சீனா, தாய்லாந்து, வியட்நாம் வயல்களில் இப்படி வரப்பில் பூச்செடி வைத்து நாலு வருஷம் சோதித்திருக்கிறார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வின்படி மருந்தடிப்பு 70 சதவிகிதம் குறைந்தது. மகசூல் 5 சதவிகிதம் கூடியது. செலவு குறைந்து வரவு கூடுகிற லெட்ஜர்!

"அப்போ மருந்தே வேணாமா மாமா?"

"அப்படிச் சொல்லலைடா. தூருக்கு ஒரு சிலந்தி இருந்தா, தண்டுக்கு ரெண்டு புகையான் வரைக்கும் பொறுக்கலாம். அதுக்கு மேலே போனாத்தான் மருந்து. தினம் குனிஞ்சு எண்ணணும்."

அறுத்த இடத்தில் நானே எள் விதைத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

அறுவடை முடிந்து மாமா போன் பண்ணினார். "ஒரே ஒரு தடவைதான் மருந்து அடிச்சேன் மாப்ளே. அத்தை வளையல்ல ஒரு ஜோடி வீட்டுக்கு வந்துடுச்சு."