கையேடு பொய் சொல்லாமல் இருக்க

1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட ஒரு கையேடு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வெளியானது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அப்போது வளர்த்துக்கொண்டிருந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு அது. அவர்களுடைய மேலாளர் டக் மெக்கில்ராய் வற்புறுத்தி எழுத வைத்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பக்கம். பெயர், எழுதும் முறை, விளக்கம், தொடர்புள்ள கோப்புகள், கூடவே 'பிழைகள்' என்றொரு தலைப்பு. தாங்கள் செய்த கருவியில் இன்ன குறை இருக்கிறது என்று செய்தவர்களே அச்சில் எழுதிக் கொடுத்த அந்தத் தலைப்புதான் முழுக் கையேட்டிலும் எனக்கு மிகப் பிடித்தது.

இன்றும் லினக்ஸ் கணினியிலோ ஆப்பிள் மேக்கிலோ டெர்மினலைத் திறந்து, 'மேன்' என்று தட்டிப் பக்கத்தில் ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் ஏறத்தாழ அதே அமைப்பில் ஒரு 'மேன் பக்கம்' விரியும். படங்களையும் பொத்தான்களையும் தொடாமல், எழுத்திலேயே ஆணையிட்டுக் கணினியை நடத்துவது கட்டளை வரி. சர்வர்களைப் பராமரிப்பவர்கள், ஆய்வாளர்கள், நிரலாளர்கள் எல்லோரும் நாள்தோறும் புழங்கும் இடம் இது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. பொத்தான் என்றால் கண்ணுக்குத் தெரியும். தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கட்டளையோடு சேர்த்துத் தரும் ஆப்ஷன் எங்கும் தெரியாது. யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியவரும். ஆகவே கட்டளை வரிக் கருவியில் பாதி நிரல் என்றால் மீதிப் பாதி அதன் விளக்கம்.

கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளைக்கு அந்த முதல் கையேட்டில் ஐந்து ஆப்ஷன்கள் இருந்தன. இன்று லினக்ஸோடு வரும் எல்எஸ் கட்டளையில் அவை ஐம்பதைத் தாண்டும். நிரல் இப்படி வளரும்போது கையேடும் கூடவே வளர வேண்டும். ஆனால் நிரல் ஒரு கோப்பில் இருக்கிறது, கையேடு இன்னொரு கோப்பில். திருத்துபவரும் பல சமயம் வேறு ஆள். பேருந்து நேரமெல்லாம் மாறிப்போன பிறகும் நிலையத்துச் சுவரில் பெயின்டில் எழுதிய பழைய அட்டவணை அப்படியே நிற்பதுபோல, கையேடு பின்தங்கிவிடுகிறது. விளக்கமே இல்லாத ஆப்ஷனைவிடத் தவறான விளக்கமுள்ள ஆப்ஷன் ஆபத்தானது. 'அழிப்பதற்கு முன் கேட்கும்' என்று கையேடு சொல்ல, புதிய பதிப்பு கேட்காமலே அழித்தால் போன கோப்பு போனதுதான்.

கையேட்டை மனிதர் தனியே எழுதுவானேன், மூலநிரலிலிருந்து கணினியே எடுத்துத் தரட்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது. அதற்கு வசதியாக ஒரு மரபு ஏற்கெனவே இருந்தது. கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தின் நிரலாக்க விதிகளின்படி, ஒவ்வொரு நிரலும் இரண்டு சிறுகோடுகளோடு 'ஹெல்ப்' என்று கேட்டால் தன் பயன்பாட்டையும், 'வெர்ஷன்' என்று கேட்டால் தன் பதிப்பையும் சொல்ல வேண்டும். பிரெண்டன் ஓடே என்பவர் எழுதிய 'ஹெல்ப்டுமேன்' இந்த விதியைப் பிடித்துக்கொண்டது. அது நிரலை ஓட்டி, இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கும். வரும் பதிலில் எது தலைப்பு, எது ஆப்ஷன், எது அதன் விளக்கம் என்பதை வரிகளின் இடைவெளியை வைத்தே பிரித்தறிந்து மேன் பக்கமாக வடித்துக் கொடுக்கும். எல்எஸ், சிபி, ஆர்எம் உள்ளிட்ட அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய குனு கோர்யூட்டில்ஸ் தொகுப்பின் மேன் பக்கங்கள் இப்படித்தான் உருவாகின்றன. ஒவ்வொரு நிரலுக்கும் மேன் பக்கம் இருக்க வேண்டும் என்று கொள்கையே வகுத்திருக்கும் டெபியன் லினக்ஸுக்கும் இது பெரிய உதவி.

மேன் பக்கம் எழுதுவது கையால் செய்தால் எரிச்சலூட்டும் வேலை. 1970களில் ஜோ ஒசானா உருவாக்கிய டிராஃப் அச்சுக்கோப்பு முறையின் வழிவந்த குறிமொழியில் அதை எழுத வேண்டும். புள்ளியில் தொடங்கும் வரியை அது ஆணையாக எடுத்துக்கொள்ளும். சாதாரணச் சிறுகோட்டை அச்சுக்குரிய இணைப்புக் கோடாக மாற்றிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஆனால் கையேட்டிலிருந்து ஆப்ஷனை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டினால் கட்டளை வேலை செய்யாது. கையேட்டுக்குள் அந்த ஆப்ஷனைத் தேடினாலும் கிடைக்காது. இதைத் தவிர்க்க ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். மனிதர் மறந்துவிடுகிற இந்த வேலையை இயந்திரம் மறப்பதில்லை.

ஆனால் ஹெல்ப்டுமேன் நிரலை ஓட்டிப் பார்த்தாக வேண்டும். இன்டெல் கணினியில் உட்கார்ந்து ஏஆர்எம் சிப்புக்கு நிரலைத் தொகுக்கும்போது, உருவான நிரல் இந்தக் கணினியில் ஓடாது. அதனிடம் கேட்கவும் முடியாது. கோர்யூட்டில்ஸ் திட்டத்தில் இதற்கென்றே ஒரு மாற்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அது முழுமையான பக்கம் உருவாக்க முடியவில்லை என்று சொல்லும் ஒரு வெற்றுப் பக்கத்தை வைத்துவிடும். இதைவிட அடிப்படையான குறை ஒன்றும் உண்டு. சி மொழியில் எழுதிய இத்தகைய நிரல்களில் ஆப்ஷன்களின் பட்டியல் ஓரிடத்திலும், உதவி வாசகம் வேறோரிடத்திலும் இருக்கும். ஒரே கோப்பு என்றாலும் இரண்டு இடம். ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பது அங்கேயும் நடக்கும். நிரல் தன்னைப் பற்றித் தவறாகச் சொன்னால் அந்தத் தவறு அப்படியே கையேட்டில் ஏறும்.

இந்த இடைவெளியை மூடியவை அடுத்து வந்த நிரல் நூலகங்கள். பைத்தான் மொழியில் 'ஆர்க்பார்ஸ்' என்று ஒன்று. ஸ்டீவன் பெத்தார்ட் எழுதியது, 2010இல் பைத்தானின் 2.7 பதிப்போடு சேர்ந்தது. அதில் நிரலாளர் ஆப்ஷனை ஒரே இடத்தில் அறிவிக்கிறார்: பெயர் இது, முழு எண்ணாக இருக்க வேண்டும், கொடுக்காவிட்டால் 10 என்று வைத்துக்கொள், விளக்கம் இது. பயனர் தட்டியதைப் பிரித்துப் பொருள்கொள்வது, எண்ணுக்குப் பதில் எழுத்தைக் கொடுத்தால் பிழை சொல்வது, உதவிப் பக்கம் காட்டுவது எல்லாம் அந்த ஓர் அறிவிப்பிலிருந்தே நடக்கின்றன. கோ மொழியின் 'கோப்ரா' நூலகம் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த அறிவிப்புகளிலிருந்தே மேன் பக்கங்களையும் இணையப் பக்கங்களுக்கான வாசகத்தையும் எழுதித் தருகிறது. பல கணினிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸைக் கையாளும் கியூப்கன்ட்ரோல் கருவி கோப்ராவில் கட்டியது. அதன் நீண்ட குறிப்புப் பக்கங்கள் மூலநிரலிலிருந்து உருவானவை. 2012இல் விளாடிமிர் கெலெஷெவ் வெளியிட்ட 'டாக்ஆப்ட்' இதை அப்படியே தலைகீழாக்கியது. முதலில் உதவி வாசகத்தை எழுது, அதைப் படித்து எந்த ஆப்ஷனை ஏற்பது என்று நானே தெரிந்துகொள்கிறேன் என்றது.

இவற்றில் நான் மிக மதிப்பது ரிப்கிரெப் என்ற கருவியின் ஏற்பாட்டை. கோப்புக் குவியலுக்குள் சொற்களை வேகமாகத் தேடித் தரும் இதை ஆண்ட்ரூ கேலன்ட் ரஸ்ட் மொழியில் எழுதினார். 2023 நவம்பரில் வந்த 14ஆம் பதிப்பில், வெளி நூலகத்தின் ஏற்பாட்டை விட்டுவிட்டு ஆப்ஷன் அறிவிப்பு முறையைத் தானே வகுத்துக்கொண்டார். ஒவ்வொரு ஆப்ஷனும் தனித்தனி அலகு. அதன் பெயர், ஒருவரி விளக்கம், விரிவான விளக்கம், அதைக் கொடுத்தால் நடக்க வேண்டிய செயல் எல்லாம் அந்த அலகுக்குள்ளேயே அடுத்தடுத்து இருக்கின்றன. விளக்கங்கள் இரண்டும் கட்டாயம். இல்லாவிட்டால் ரஸ்ட் கம்பைலர் நிரலைத் தொகுக்கவே மறுத்துவிடும். வெற்று வாசகத்தை வைத்து அதை ஏமாற்றலாம்தான், ஆனால் அடுத்து அந்த நிரலைப் படிப்பவர் கண்ணில் அது உடனே படும். குறுகிய உதவி கேட்டால் ஒருவரி விளக்கங்கள் வரும், நீண்ட உதவி கேட்டால் விரிவானவை. மேன் பக்கமும், டேப் விசையைத் தட்டினால் பாதிப் பெயரை முழுப் பெயராக்கும் துணைக் கோப்புகளில் பெரும்பாலானவையும் அதே அலகுகளிலிருந்து பிறக்கின்றன. விளக்கம் எழுதுவதை இங்கே யாரும் பிந்தைய வேலையாகத் தள்ளிப்போட முடியாது.

எல்லாரும் இந்த வழியில் போகவில்லை. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் கருவியின் கையேட்டை அதன் குழு கையாலேயே எழுதுகிறது. நிரலுக்குள் இருக்கும் சுருக்க உதவி தனி. ஆனால் 2022இல் இரண்டையும் ஒப்பிடும் ஒரு சோதனையைச் சேர்த்தார்கள். கையேட்டின் தொடக்கத்தில் உள்ள பயன்பாட்டு வரியும், நிரல் தன் வாயால் சொல்லும் பயன்பாட்டு வரியும் ஒத்துப்போகாவிட்டால் சோதனை தோற்கும். பழைய பொருத்தமின்மைகள் ஏற்கெனவே இருந்ததால் அவற்றைத் தனிப் பட்டியலாக வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்கள். கோ மொழியின் முதன்மைக் கட்டளையிலும் இத்தகைய காவல் உண்டு: ஆவணக் கோப்பு நிரலைவிடப் பின்தங்கினால் தொகுப்புச் சோதனையில் அது பிடிபடும்.

இத்தனையும் சொன்ன பிறகு மெக்கில்ராயிடம் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. கையேட்டின் புதிய பதிப்பு வெளிவரவிருக்கும் ஒவ்வொரு முறையும் ஆய்வகத்தில் பரபரப்பு கூடும் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு கட்டளையின் அவலட்சணத்தை எழுத்தில் பார்த்ததும் 'இதை எப்படி அச்சில் போடுவது' என்று கூசி, நிரலையே திருத்திவிடுவார்களாம். விளக்குவதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே வசதிகளைச் சேர்த்தார்கள், நீக்கினார்கள். எழுதுவதே அவர்களுக்குச் சோதனையாக இருந்தது. விளக்க மூன்று பத்தி பிடிக்கும் ஆப்ஷன் பெரும்பாலும் தவறாக வடிவமைத்த ஆப்ஷன்.

தானாக உருவாகும் ஆவணத்தில் இழக்கக்கூடாத பொருள் இதுதான். நகலெடுப்பதும், வடிவம் மாற்றுவதும், ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதும் இயந்திரத்துக்கு உரிய வேலைகள்; அவற்றை முழுக்கக் கொடுத்துவிடலாம். வாக்கியத்தை எழுதுவது செய்தவருடைய வேலை. மூலநிரலைத் துருவினால் ஓர் ஆப்ஷனின் பெயரும், ஏற்கும் மதிப்பும், இயல்பு மதிப்பும் கிடைக்கும். அதை ஏன் வைத்தார்கள், எப்போது பயன்படுத்தக் கூடாது என்பது நிரலின் வரிகளில் பெரும்பாலும் இருக்காது. எந்த நிரலும் தன் பிழைகளைத் தானே பட்டியலிடாது. அதனால்தான் அந்த முதல் கையேட்டின் 'பிழைகள்' தலைப்பு எந்தக் கருவியாலும் உருவாக்க முடியாததாகவே இருக்கிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் நிரலைப் படித்துப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகின்றன. வரைவுக்கு அவை உதவும். ஆனால் ஹெல்ப்டுமேனும் கோப்ராவும் ஆப்ஷன்களின் விளக்கத்தில் நிரலாளர் எழுதியதைத் தவிர ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை; மொழி மாதிரி நிரலில் இல்லாததையும் நம்பும்படி எழுதிவிடும். படித்துச் சரிபார்க்க ஆள் இல்லாத இடத்தில் அதை நம்பிக் கையேட்டை ஒப்படைப்பது பழைய நோயை வேகமாகப் பரப்புவதாகும்.

விளக்கம் மூலநிரலுக்குள் ஒரே இடத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்புக்கும் வழி பிறக்கிறது. குனுவின் கெட்டெக்ஸ்ட் முறையில், மொழிபெயர்க்க வேண்டிய வாசகங்களை நிரலில் குறித்துவிட்டால் ஒரு கருவி அவற்றை மட்டும் திரட்டித் தனிக் கோப்பாகத் தரும். மொழிபெயர்ப்பாளர் நிரலைத் தொடாமல் அந்தக் கோப்பை மட்டும் நிரப்பலாம். பிறகு நிரல் அந்த மொழியிலேயே உதவி சொல்லும். ஹெல்ப்டுமேனிடம் மொழியைக் குறிப்பிட்டால் மேன் பக்கமும் அதே மொழியில் வரும்.

நிரலிலிருந்து எடுக்க முடியாத எடுத்துக்காட்டுகளை மனிதர்களே எழுதிச் சேர்க்கும் டிஎல்டிஆர் என்ற திட்டம் 2013இல் தொடங்கியது. கட்டளைக்கு ஒரு சிறு பக்கம். அதில் அதிகபட்சம் எட்டு எடுத்துக்காட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம். கிட்ஹப்பில் திறந்திருக்கும் அந்தத் திட்டத்தில் தமிழுக்கென்று தனி அடைவு இருக்கிறது. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் அதில் உள்ள பக்கங்கள் மிகக் குறைவு. டெர்மினலில் பழகியவர்கள், கல்லூரியில் லினக்ஸ் கற்கும் மாணவர்கள் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த கட்டளை ஒன்றை எடுத்து, ஓட்டிப் பார்த்துச் சரிபார்த்து, ஒரு பக்கம் தமிழில் எழுதிச் சேருங்கள்.