மெடிக்ளைம் வாய்க்குள் வராது

மருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் குறிப்புத்தாள் ஒன்று. கிளினிக்கின் பெயர் இல்லை, தேதி இல்லை, கையெழுத்தும் இல்லை. நீல மையில் ‘ஆர்சிடி 4,500, கேப் 7,000, கிளீனிங் 1,000’ என்று எழுதி, கோடு போட்டு, 12,500 என்று கூட்டியிருந்தது. பெரியம்மா அந்தத் தாளோடு தன் மெடிக்ளைம் அட்டையையும் சேர்த்து நீட்டினார். “வருஷம் தவறாம பிரீமியம் கட்டுறேன். இதுக்குக் குடுக்காமலா போயிடுவான்?”

குடுக்கமாட்டான் பெரியம்மா என்று சொல்வதற்கு எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அதுதான் உண்மை. நம் ஊரில் விற்கும் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். 24 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே நாளில் முடியும் சிகிச்சைகளின் பட்டியலில் அது இருக்க வேண்டும். பல் அடைப்பது, ரூட் கேனால் (தாளில் இருந்த ‘ஆர்சிடி’), கிளீனிங் எல்லாம் நாற்காலியில் சாய்ந்து, எழுந்து, வீட்டுக்கு நடந்து வந்துவிடுகிற வேலை. பாலிசிப் புத்தகத்தில் ‘விலக்குகள்’ என்றொரு பகுதி பொடி எழுத்தில் இருக்கும். அநேகமாக அதிலேயே பல் வைத்தியத்தைப் பெயர் சொல்லித் தள்ளியிருப்பார்கள்.

இதில் கம்பெனிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வருமோ வராதோ தெரியாத பெரிய செலவைப் பலர் பங்கு போட்டுக்கொள்வதுதான் காப்பீடு. சொத்தை அப்படிப்பட்டதல்ல, அநேகமாக எல்லோருக்கும் மெதுவாக வந்தே தீரும். அதனால்தான் பல்லுக்கும் சேர்த்துத் தருகிறோம் என்று விற்கும் ‘ஓபிடி’ (புறநோயாளி) இணைப்புகளை வாங்குமுன் ஒரு கணக்குப் போடச் சொல்கிறேன். உதாரணத்துக்கு, கூடுதல் பிரீமியம் 4,000, வருடத்துக்குக் கிடைக்கும் உச்சவரம்பு 5,000 என்றால், நம் பணத்தை நமக்கே திருப்பித் தரக் கம்பெனி இருக்கிறது என்று அர்த்தம். அதிலும் காத்திருப்புக் காலம், குறிப்பிட்ட கிளினிக்குக்குத்தான் போக வேண்டும் என்கிற நிபந்தனைகள் வேறு. வாங்கியபின் படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அந்த உரிமை உண்டு.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. விபத்து. பைக்கிலிருந்து விழுந்து தாடை உடைந்து, முன்பல் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பெரும்பாலான பாலிசிகள் அந்தப் பல் சிகிச்சைக்குப் பணம் தருகின்றன. அப்போது கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு: விபத்துப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். காப்பி), எந்தெந்தப் பல் அடிபட்டது என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி. இன்னொரு வண்டி மோதியிருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கிலும் பல் கட்டிய பில்லைச் சேர்க்கலாம். “பல்லுதானே” என்று அந்த பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முன்பல் கட்ட ஆகும் செலவு சில நேரம் கால் எலும்புக்குக் கட்டுப் போடுவதைவிட அதிகம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கப்படுகிறதா? அப்படியானால் உங்களுக்கும், உங்களைச் சார்ந்த குடும்பத்துக்கும் பல் வைத்தியம் ஏற்கெனவே கட்டிய காசில் அடங்கிவிட்டது. சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களுடையது, 3.25 சதவீதம் முதலாளியுடையது. மாதா மாதம் கட்டிவிட்டு, பல் வலித்தால் தெருமுனைக் கிளினிக்கில் கடன் வாங்கிக் கொடுக்கிறவர்கள் நம்மில் ஏராளம். மத்திய அரசு ஊழியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் படைவீரர்களுக்கு இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் என்று வழி உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பெரிய அறுவைச் சிகிச்சைகளை மனத்தில் வைத்து வந்தது; சொத்தையை அடைக்க அதைக் கொண்டுபோனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

எந்த அட்டையும் இல்லாதவர்களுக்கும் நாற்காலி இருக்கிறது. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-இல் தொடங்கியது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. அங்கே காசு மிச்சம், நேரம் செலவு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். ஒரு ரூட் கேனாலுக்கு மூன்று நான்கு முறை அலைய நேரலாம். கேப், பல் செட் போன்றவற்றுக்குப் பொருள் கட்டணம் உண்டா என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. தனியார் பல் கல்லூரிகளிலும் வெளிக் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. மாணவர் கை வைப்பாரே என்று பயப்படுகிறவர்களுக்கு: பின்னால் ஓர் ஆசிரியர் நிற்பார். தனிக் கிளினிக்கில் அப்படி யாரும் நிற்பதில்லை.

பல்லின் கணக்கு விசித்திரமானது. வலிக்காதபோதுதான் அது மலிவு. மேல்பூச்சில் கறுப்புப் புள்ளியாக இருக்கும்போது வலி தெரியாது. ஆயிரம் ரூபாய்ச் சுமாரில் அடைத்துவிடலாம். ஜில்லென்று தண்ணீர் பட்டால் கூசுகிறது என்றால் உள்ளே இறங்க ஆரம்பித்துவிட்டது, அப்போதும் அடைக்க வாய்ப்பு உண்டு. ராத்திரி படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கிறது, கிராம்பும் மாத்திரையும் கேட்கவில்லை என்றால் நரம்பைத் தொட்டுவிட்டது; ரூட் கேனாலும் கேப்புமாகப் பத்தாயிரத்தைத் தாண்டும். அதையும் தள்ளிப்போட்டுப் பல்லையே எடுத்தால் ஐந்நூறு ஆயிரத்தில் முடிந்ததாகத் தோன்றும். ஆனால் அந்த இடத்தில் பிரிட்ஜோ இம்ப்ளான்ட்டோ வைக்கப் போகும்போதுதான் தெரியும், நாம் எதை மிச்சம் பிடித்தோம் என்று. ஊருக்கு ஊர் ரேட் மாறும். இந்த ஏறுமுகம் மாறாது.

பெரியம்மாவிடம் வருவோம். அந்தப் பெயரில்லாத தாளைத் திருப்பிக் கொடுத்து, லெட்டர்ஹெட்டில் எஸ்டிமேட் கேட்கச் சொன்னேன்: எந்தப் பல், என்ன வேலை, கேப் என்ன வகை, எத்தனை வருட வாரன்ட்டி. எக்ஸ்ரேயையும் கையோடு வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போனார். அவரும் ரூட் கேனால் வேண்டும் என்றுதான் சொன்னார். “ஆனா கடைசிப் பல்லும்மா, சிரிச்சாலும் தெரியாது. மெட்டல் கேப்பே போதும்.” கேப் செலவு பாதிக்கும் கீழே வந்தது. முதல் டாக்டர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். மலிவான வழியும் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கேட்பது நம் உரிமை. சிகிச்சைக் கட்டணத்தை முன்கூட்டித் தெரிந்துகொள்வது, பதிவுகளின் நகல் பெறுவது, இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது எல்லாம் தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டயத்தில் இருக்கின்றன. ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. ஒரு பல்லை அடைக்கப் போய், வாய் மரத்துக் கிடக்கும்போதே “பக்கத்துல மூணு சொத்தை இருக்கு, சேர்த்துப் பண்ணிடலாம்” என்றால், எழுந்து உட்கார்ந்து யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லலாம்.

பணத்தை வேலை முடிய முடியக் கட்டுங்கள். கம்பி கட்டும் பேக்கேஜ், இம்ப்ளான்ட் என்று மொத்தமாக ஈ.எம்.ஐ. போட்டுக் கொடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அந்தக் கடன் உங்களுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் இடையிலானது. கிளினிக்கை மூடிவிட்டுப் போனாலும் மாதத் தவணை உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

ரொம்ப மலிவு என்றால் சுத்தத்தில் மிச்சம் பிடிக்கிறார்களோ என்றும் பார்க்க வேண்டும். 2023-இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கும் பாக்டீரியாத் தொற்றில் இறந்தார்கள். சுத்தம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்ததே காரணம் என்று பின்னர் வந்த ஆய்வு சொன்னது. கருவிகளை உறை பிரித்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். சுவரில் பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். பட்டமும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகும் ஏதாவது தவறினால், முதலில் கிளினிக்குக்கு எழுத்தில் கொடுங்கள். தொழில் ஒழுக்கம் சார்ந்த புகார் கவுன்சிலுக்கு. காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இலேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்த விஷயம். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களுக்கு இந்த வழி இல்லை. அரசு மருத்துவமனை என்றால் கண்காணிப்பாளரிடம் போங்கள். விபத்துப் பல்லுக்கான க்ளைமைக் கம்பெனி மறுத்தால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். “பில் போட்டா கூட ஆகும்” என்று கவுன்ட்டரில் சொன்னால் நம்பாதீர்கள்: அழகுக்காகச் செய்வதைத் தவிர, பல் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915.