எதிர்ப்பக்கம் உட்கார்ந்த பையன்

பத்தாவது முடிச்சாச்சு – 7

ஏனாத்தூர் நிறுத்தத்தில் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸும் படிக்கட்டு வரை பிள்ளைகளைச் சுமந்து வந்து இறக்கிவிட்டுப் போகும். 1993-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகா வித்யாலயா இங்கேதான் இருக்கிறது. சங்கரா கலை அறிவியல் கல்லூரி, மீனாட்சி மருத்துவக் கல்லூரி இரண்டும் இங்கேதான். இத்தனை கல்லூரிகள் இருக்கிற ஊரில், பத்தாவது முடித்த ஒரு பையனின் வீட்டில் மூன்று வாரமாக ஒரே கேள்வி: "என்ன குரூப் எடுக்கறது?"

போன வாரம் அந்த வீட்டில் இருந்தேன். கூடத்தில் பாதியைத் தறி பிடித்திருந்தது. அப்பா குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருக்க, வலது ஓரத்தில் பையன். அம்மாவுக்குத் தோள்பட்டை வலி; பள்ளி விடுமுறை என்பதால் அவர் உட்காரும் இடத்தில் இவன் உட்கார்ந்திருந்தான். பேசிக்கொண்டே இருக்கிறான், கை மட்டும் தவறாமல் நாடாவைத் தள்ளுகிறது.

காஞ்சிப் பட்டின் கோர்வையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த இடத்தின் அருமை தெரியும். சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டுக்கும் ஊடை நூல் தனித்தனி. ஒவ்வொரு முறை பாவு பிரியும்போதும் உடல் நாடா கரை வரை போய் நிற்க, கரை நாடா வந்து அதோடு கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். மூன்று நாடா, இரண்டு ஆள். வலக்கரைக்காரர் ஒரு இழை தவறவிட்டால் ஓட்டை விழும். அவிழ்த்து மறுபடி நெய்ய வேண்டும்.

நெய்பவருக்கு எதிர்ப்பக்கமான அந்த வலது ஓரத்தில் ஒரு காலத்தில் உட்கார்ந்தவர்கள் சின்னப் பிள்ளைகள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊர்களில், தறிக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு எட்டு, பத்து வயதுப் பிள்ளையைத் தறிக்கு விடுவது சாதாரணம். கடன் அடையும்வரை பள்ளிக்கூடம் கிடையாது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அது தானாக வேலை செய்துவிடவில்லை. அதிகாரிகளும் ஆசிரியர்களும் தொண்டு நிறுவனங்களும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தார்கள். இன்று எதிர்ப்பக்கத்தில் பெரும்பாலும் மனைவிதான் உட்காருகிறார். இது இந்த ஊருக்குக் கிடைத்த பெரிய வெற்றி.

ஆனால் எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. அன்று எட்டு வயதில் பிள்ளையைக் கேட்காமல் முடிவு செய்தோம். இன்று பதினைந்து வயதில், சேர்க்கைப் படிவத்தின் முன்னால் அரை மணி நேரத்தில், அதே மாதிரிதான் முடிவு செய்கிறோம்.

இந்த வீட்டிலும் ஆளுக்கு ஒரு பேச்சு. பெரியப்பா, "பிரைவேட் ஸ்கூல்ல பர்ஸ்ட் குரூப் போடுடா, நான் பீஸுக்குப் பாதி தரேன்" என்கிறார். அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் போதும். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரகடம் பக்கம் கார் கம்பெனிக்குப் போகிறான். ஐடிஐ போதும் என்பது அவன் கட்சி. அப்பா சொன்னது ஒன்றுதான்: "இந்தத் தறி என்னோட போகட்டும் சார்."

எது நல்ல படிப்பு என்று நான் சொல்லப் போகவில்லை. இன்று எதைத் தொட்டால் எந்த வழி அடைபடும், எது திறந்தே இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தோம். அவ்வளவுதான்.

முதலில் பெரியப்பாவின் யோசனை. பாசத்தில் சொன்னதுதான், ஆனால் அதில்தான் பெரிய இழப்பு ஒளிந்திருந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறான். கடைசி இரண்டு வருடத்துக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். கையிலிருப்பதை விட்டு, கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவது! இதைக் கேட்டதும் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "யாரும் சொல்லலையே சார்" என்றார். இந்தத் தொடருக்காகப் போகிற வீடுகளில் நான் அதிகம் கேட்கிற வாக்கியம் இது.

அடுத்தது குரூப். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் உள்ள பிரிவு எடுத்தால் பொறியியல், மருத்துவம் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். ஆனால் சுமை அதிகம். உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் நீட் எழுதும் வழி பெரும்பாலும் கைவிட்டுப் போகும். கணக்கை விட்டால் பொறியியல் கவுன்சலிங் ஏறக்குறைய அடைபடும். தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு சிறு ஒதுக்கீடு உண்டு. காமர்ஸ் எடுத்தால் ஆடிட்டர் படிப்புக்கு நேர்வழி. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் ஆகும். கம்ப்யூட்டர் படிக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் குரூப்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. கணக்கு இருந்தால் அந்தப் படிப்பில் சேரலாம். அம்மாவுக்கு இது புதுச் செய்தி.

பாலிடெக்னிக்கைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "மார்க் கம்மியா இருக்கறவங்க போறது" என்ற பேச்சு நம் வீடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ. அது முடிந்து வேலைக்கும் போகலாம், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகவும் சேரலாம். ஐடிஐ இரண்டு வருடம் முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். ஆக, ஐடிஐயில் ஆரம்பித்தவனும் பி.இ. முடிக்க முடியும். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு படியிலும் மதிப்பெண் வேண்டும். கணக்கைக் கைவிடக் கூடாது.

நடுவில் ஒரு வருடம், இரண்டு வருடம் போய்விட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்கிற ஊரும் இது அல்ல. 1909-ல் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். வீட்டுக் கஷ்டத்துக்காகக் காஞ்சி நகராட்சியில் குமாஸ்தாவாகக் கொஞ்ச காலம் உட்கார்ந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் பி.ஏ. ஹானர்ஸ், எம்.ஏ. முடித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே கல்யாணமும் ஆகிவிட்டது. குமாஸ்தா நாற்காலியோடு அவர் நின்றுவிடவில்லை. அதை மறக்கக் கூடாது.

"தறி என்னோட போகட்டும்" என்ற வார்த்தை என் மனதைவிட்டுப் போகவில்லை. முதுகும் கண்ணும் தேய்ந்த மனிதர் சொல்வது. மறுத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் பையனிடம் ஒரு டிசைன் வரைபடத்தைக் கொடுத்தேன். கட்டம் போட்ட தாளில் ஒரு அன்னம். எந்த வரிசையில் எத்தனை இழை தூக்க வேண்டும் என்று விரல் வைத்து எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தான்; ஓரிடத்தில் நின்று, "இது தப்பு சார், கழுத்து உடைஞ்சிடும்" என்றான். இதை அவனுக்கு எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. தறியில் உட்காராமலே இந்த அறிவு சோறு போடும் இடங்கள் உண்டு. சேலத்தில் 1960-லிருந்து மத்திய அரசின் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் நடக்கிறது. பத்தாவது முடித்தவர்களுக்கு அங்கே மூன்று வருட டிப்ளமோ. காஞ்சிபுரத்திலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. டிசைன் போடுவது இன்று கம்ப்யூட்டரில்தான். அம்மா கேட்ட கம்ப்யூட்டர் அதிலும் வந்துவிடுகிறது.

பையன் ஒரு நோட்டில் மூன்றே வரி எழுதினான். ஒன்று, இதே அரசுப் பள்ளியில் கணக்குள்ள குரூப். இரண்டு, பாலிடெக்னிக். மூன்று, சேலம். ஒவ்வொன்றுக்கும் கீழே விண்ணப்பக் கடைசித் தேதிக்கு இடம் விட்டிருந்தான்.

அதுவரை தலை நிமிராத அப்பா நாடாவை நிறுத்தினார்.

"காரைப்பேட்டைல பாலிடெக்னிக் இருக்குதே, அங்க நேர்ல போனா விவரம் சொல்வாங்களா சார்?"

"சொல்வாங்க. மார்க் ஷீட் எடுத்துட்டுப் போங்க."

"பையன மட்டும் அனுப்பறதா, நானும் போறதா?"

"ரெண்டு பேரும் போங்க."

அவர் பாவை ஒருமுறை பார்த்தார். மூன்று சேலைக்கான பாவு. முதல் சேலையே இன்னும் பாதிதான் ஆகியிருந்தது. "சரி, நாளைக்குத் தறி கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குழியிலிருந்து எழுந்தார்.