‘ஹவுண்ட் டாக்’: ஒரு பாடலின் இரு வாழ்வுகள்

எல்விஸ் பிரெஸ்லியின் குரலில் உலகெங்கும் பரவிய ‘ஹவுண்ட் டாக்’, 1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகிக்காக எழுதப்பட்டுப் பதிவான பாடலாகும். இசைக்குழுத் தலைவர் ஜானி ஓட்டிஸின் அழைப்பை ஏற்றுத் தார்ன்டனின் பாட்டைக் கேட்கச் சென்ற ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்னும் 19 வயது வெள்ளையின இளைஞர்கள், அவருடைய முரட்டுக் குரலுக்கும் கம்பீரத்துக்கும் பொருந்துமாறு, தன் தயவில் காலந்தள்ளும் ஆணைப் பெண்ணொருத்தி ஏசி விரட்டுவதாக அதனை இயற்றினர். ஹூஸ்டன் நகரின் பீகாக் நிறுவனம் 1953இல் வெளியிட்ட அந்த இசைத்தட்டு, கறுப்பின மக்களிடையே விற்பனையாகும் இசைக்கெனத் தனியே தொகுக்கப்பட்ட ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ பட்டியலில் ஏழு வாரங்கள் முதலிடம் வகித்தது.

பின்னர், ஃப்ரெடி பெல் என்ற பாடகர், ஆணை நோக்கிய பெண்ணின் வசையை உண்மையான நாயைப் பற்றிய கேலிப்பாட்டாக மாற்றி, வேகமான தாளத்தில் மேடைகளில் பாடிவந்தார். 1956இல் லாஸ் வேகஸ் சென்றிருந்த பிரெஸ்லி அதைக் கேட்டு, தம் நிகழ்ச்சிகளில் சேர்த்துக்கொண்டார். அவ்வாண்டு ஜூன் 5 அன்று தொலைக்காட்சியில் இடுப்பை அசைத்து அவர் பாடியதைப் பத்திரிகைகள் ஆபாசமெனக் கண்டித்தமையால், ஜூலை 1 அன்று மற்றொரு நிகழ்ச்சியில் மாலைநேர உடையணிந்து, ஒரு நாயின் முன் நின்று பாடவேண்டியதாயிற்று. மறுநாளே நியூயார்க்கில் உள்ள ஆர்சிஏ நிறுவனக் கூடத்தில், மனநிறைவு ஏற்படும்வரை முப்பது தடவைக்குமேல் பாடிப் பதிவுசெய்தார். அதிரும் முரசும் கிதாரும் முன்னிலை பெற்ற அந்தப் பதிவு, பாப், கன்ட்ரி, ரிதம் அண்ட் ப்ளூஸ் ஆகிய மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பெற்று, இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த இசைச் சந்தையின் எல்லைகளைக் கடந்தது.

ஆயினும், அந்த எல்லையைக் கடந்ததன் பயன் சமமாகப் பங்கிடப்படவில்லை. பாடலாசிரியருக்கும் வெளியீட்டாளருக்கும் உரிமைத்தொகை கிடைக்க வழியிருந்த அன்றைய முறையில், பிறர் எழுதிய பாடலுக்குத் தம் குரலால் உயிர்கொடுத்தவருக்கு, மற்றொருவர் பாடிய பதிவின் வருவாயில் உரிமை இல்லை. தம் பதிவுக்காக 500 டாலர் மட்டுமே கிடைத்ததாகத் தார்ன்டன் கூறியிருக்கிறார். பிரெஸ்லியின் திறமையை மறுக்காமலேயே, அப்பாடலின் முதல் வடிவத்தை ராக் அண்ட் ரோல் இசையின் மூலங்களுள் ஒன்றாகக் கொள்வதே வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகும். 1984இல் மறைந்த தார்ன்டனுக்கு, ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் 2024ஆம் ஆண்டில்தான் இடம் அளிக்கப்பட்டது.