கணினியும் உலையும்

வேண்டிய பண்புடைய பொருளை ஆக்க விழைந்தோர் பன்னூறாண்டு உலையின்முன் அமர்ந்தனர். இன்று அவ்வேலையின் ஒரு பகுதி கணினியில் நிகழ்கின்றது. இதனைப் பொருளியல் என்றாற் பொருளாதாரமோ என மயங்குவர். ஆதலின் திரவிய விஞ்ஞானம் என்றே நாம் வழங்குவாம்.

இதற்கு அடிகோலியோருள் தலையாயவர் வால்ற்றர் கோன். 1923 இல் வியன்னாவிற் பிறந்த யூதர்; 1939 இல் நாசிகளுக்குத் தப்பி இங்கிலாந்தடைந்தார்; பெற்றோர் ஓசுவிற்சு முகாமில் மாண்டனர். ஒரு திரவியத்திலுள்ள இலத்திரன்கள் எண்ணில. ஒவ்வொன்றின் போக்கையும் கணித்தல் இயலாது. அவை எவ்விடத்தில் எத்துணை அடர்ந்துள்ளன என்பதே போதும், சக்தி முதலியவற்றை உய்த்தறியலாம் என அவரும் ஹோகன்பேர்க்கும் 1964 இல் நிறுவினர். மறுவருடம் சாம் என்பாரோடு கூடிக் கணிக்கும் முறையையும் வகுத்தார். பௌதிகராகிய அவருக்கு 1998 இல் இரசாயன நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது!

இம்முறையாற் கணித்த பண்புகளை யாவரும் எடுத்தாளுமாறு கிறிசுற்றின் பேர்சன் அம்மையார் 2011 இற் கலிபோணியாவின் பேர்க்கிலி ஆய்வுகூடத்திற் பெருந்தரவுத் தொகுதியொன்றைத் தொடங்கினார். அதனைப் பயின்ற செயற்கை நுண்ணறிவு, நெடுநேரம் பிடிக்கும் கணிப்பின் விடையை நொடியில் ஊகிக்கின்றது. 2023 இற் கூகிள் டீப்மைண்ட் நிறுவனத்தார் 22 இலட்சம் புதிய பளிங்கமைப்புகளை அறிவித்தனர்; நிலைபேறுடையவை ஏறத்தாழ 380,000 என்றனர்.

ஆனால் அறிவித்தல் வேறு, ஆக்குதல் வேறன்றோ? அவ்வருடமே பேர்க்கிலியில் இயந்திரக் கைகள் தாமே தூள்களைக் கலந்து, உலையிலிட்டு, 17 நாளில் 58 இலக்குகளுள் 41 ஐ ஆக்கியதாகக் கட்டுரை வெளிவந்தது. 2024 இற் பால்கிரேவ், சூப் முதலியோர் மறுத்தனர். அவற்றுட் புதியது ஒன்றுமில்லை என்றனர். அவர் காட்டிய காரணம் நுட்பமானது. கணினி வரைந்தது, இருநிற மணிகளை முறைமாறாது கோத்த மாலை போன்றது. உலையின் வெம்மையிலோ, இயல்பொத்த இரு உலோக அணுக்கள் இடம்மாறிக் கலந்தமரும். அவ்வாறு கலந்த பொருள்கள் பல முன்னரே அறியப்பட்டவை. முறைப்பட அமைந்திருப்பின் எக்சுக்கதிர்ப் படத்தில் மேலும் சில கோடுகள் தோன்றல் வேண்டும், அவை தோன்றவில்லை. படத்தை வாசித்ததும் இயந்திரமே.

கணிப்பின் பயனை இது அழிப்பதன்று. டீப்மைண்டார் கண்ட அமைப்புகளுள் 736 ஐப் பிற ஆய்வாளர் தனித்து ஆக்கியிருந்தனர். எனினும், இத்துறையை நாடும் நம் மாணவர் கணிதமும் நிரலாக்கமும் போதுமென எண்ணி இரசாயனச் செய்முறை வகுப்பைத் தட்டிக்கழித்தல் தகாது. பௌதிகம், இரசாயனம், பொறியியல் என்பவற்றுள் ஒன்றிற் பட்டம் பெற்றே பெரும்பாலோர் இதன் கலாநிதி ஆய்வுக்குச் செல்வர்; எக்சுக்கதிர்ப் படத்தைத் தம் கண்ணால் வாசிக்கப் பழகுவதற்கு உகந்த காலமும் அப்பட்டப் படிப்புக் காலமே.